லினக்ஸ் மடிக்கணினியில் முதல் நாளே வைஃபை: தாம்பரம் வட்டாரப் பயனர்களின் கோரிக்கைச் சாசனம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சிட்லபாக்கம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர் பகுதிகளில் லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், ஆசிரியர்கள், சிறுதொழில் செய்வோர், கணினி பழுது பார்ப்போர் ஆகிய நாங்கள் இதை எழுதுகிறோம். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்யும் எல்காட், உயர்கல்வித் துறை, பாஸ் லினக்ஸை உருவாக்கும் சி-டாக், தாம்பரம் மாநகராட்சி, கல்லூரி நிர்வாகங்கள், கணினிக் கடைக்காரர்கள் ஆகியோர் இதைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. பொதுப்பணத்தில் வாங்கிய கருவியும் எங்கள் சொந்தக் காசில் வாங்கிய கருவியும் கைக்கு வந்த அன்றே வைஃபையில் இணைய வேண்டும் என்கிறோம். அதற்கான டிரைவர்கள் இருக்கின்றன; தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

இந்த ஊருக்கு லினக்ஸ் புதிதல்ல. 2005இல் மத்திய அரசு கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய வள மையத்தைத் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பை சி-டாக்கின் சென்னை மையமும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் ஏற்றன. ஏயூ-கேபிசி இருப்பது குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிலையம். அந்த முயற்சியில்தான் பாஸ் லினக்ஸ் உருவானது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் வந்த கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் வீடுகளுக்குப் போயின. ஆனாலும் இன்றைக்கும் ஜிஎஸ்டி சாலையில் எந்தக் கடையில் கேட்டாலும், "லினக்ஸ்னா வைஃபை வராதுப்பா, விண்டோஸ் போட்டுக்கோ" என்பார்கள். அது பொய். சரியான சிப், லினக்ஸின் மையநிரலான கெர்னலில் சரியான பதிப்பு, சரியான ஃபர்ம்வேர் மூன்றும் ஒரே பெட்டியில் சேர்ந்தால் வைஃபை வரும். அந்த மூன்றையும் சேர்த்துத் தர வேண்டியவர்கள் சேர்த்துத் தரவில்லை. எங்கள் கோரிக்கைகள் இந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன.

முதல் கோரிக்கை எல்காட்டுக்கு. மடிக்கணினி டெண்டரில் வைஃபை சிப்பின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுத வேண்டும். ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் எழுதும்போது வைஃபைக்கு மட்டும் அலைவரிசைத் தரத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டால், தயாரிப்பாளர் அந்த வாரம் மலிவாகக் கிடைத்த அட்டையைப் பொருத்தி அனுப்புவார். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர். மூடியைத் திறந்தால் ஒன்றில் இன்டெல், இன்னொன்றில் ரியல்டெக், மூன்றாவதில் மீடியாடெக். விண்டோஸில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது, தயாரிப்பாளரே டிரைவரைப் போட்டு அனுப்பிவிடுகிறார். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், எந்தச் சிப் எந்தக் கெர்னல் பதிப்பில் சேர்ந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓர் உதாரணம் போதும். மலிவு மடிக்கணினிகளில் நிறைய வரும் ரியல்டெக் 8852பிஇ சிப்புக்கான டிரைவர் கெர்னல் 6.2இல் சேர்ந்தது. பாஸ் லினக்ஸின் அடித்தளம் டெபியன். டெபியன் 12 வந்தது கெர்னல் 6.1உடன். ஒரே ஒரு படிதான் வித்தியாசம். அந்த ஒரு படியால் மாணவரின் திரையில் வைஃபை அடையாளமே தோன்றாது. அவர் என்ன நினைப்பார்? கருவி பழுது என்று நினைப்பார், அல்லது லினக்ஸ் உதவாது என்று நினைப்பார். டெண்டரில் இரண்டு வரி எழுதியிருந்தால் இரண்டும் நேர்ந்திருக்காது.

சிப்பை எழுதினால் போதாது, கருவியை ஏற்றுக்கொள்ளும் முன் சோதிக்கவும் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பெட்டிகளைப் பிரித்து, பாஸ் லினக்ஸில் தொடங்கி, 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் இணைத்துப் பார்க்க வேண்டும். மூடியை மூடித் திறந்த பிறகும் இணைப்பு தானாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அறையின் மறுகோடிக்கு எடுத்துப் போயும் பார்க்க வேண்டும். கடைசிச் சோதனையை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறோம். ரியல்டெக் 8723பிஇ வந்த பல மடிக்கணினிகளில் ரூட்டரின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிக்னல் தெரியும். உள்ளே இரண்டு ஆன்டெனா முனைகளில் ஒன்றில் மட்டும் கம்பி மாட்டியிருப்பார்கள். டிரைவர் மற்ற முனையில் காத்திருக்கும். டிரைவருக்கு ஆன்டெனா எண்ணைச் சொல்லும் ஒற்றை வரி அமைப்பால் இது சரியாகிவிடும். பெட்டி கிடங்கில் இருக்கும்போதே அந்த வரியை எழுதிவிட்டால் ஆயிரக்கணக்கான வீடுகளில் தலைவலி மிச்சம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தர 2,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. இந்த அளவு பணம் செலவாகும் கொள்முதலில், ஒரு தொகுதிக்கு அரை நாள் பிடிக்கும் சோதனையைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று யாரும் கேட்க வேண்டாம். கேரளத்தில் பள்ளிக் கல்விக்கான கைட் நிறுவனம் தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பைத் தயாரித்து, பள்ளிகளுக்குப் போகும் கருவிகளில் ஏற்றி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. நம் எல்காட்டும் 2000களின் பிற்பாதியில் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியதுதான். செய்த கைகள் இங்கேயே இருக்கின்றன.

அடுத்தது சி-டாக்குக்கு. பாஸ் லினக்ஸை நிறுவப் பயன்படும் கோப்பிலேயே எல்லா முக்கிய வைஃபை சிப்புகளின் ஃபர்ம்வேரும் இருக்க வேண்டும். கூடவே, டெபியன் தன் பயனர்களுக்குத் தனியாகத் தரும் புதிய கெர்னலும் இருக்க வேண்டும். ஃபர்ம்வேர் என்பது வைஃபை அட்டை விழித்தெழ அதற்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல். பெரும்பாலும் அதன் மூலநிரல் வெளியிடப்படுவதில்லை. அதனால் டெபியன் பல ஆண்டுகள் கொள்கைக் காரணத்தால் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் வைத்திருந்தது. கொள்கை மதிப்புக்குரியதுதான். ஆனால் அதன் விளைவைச் சுமந்தவர் யார் என்றால், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு ஃபர்ம்வேர் வேண்டும் என்ற சிக்கலில் மாட்டிக்கொண்ட புதுப் பயனர். 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து அதிகாரபூர்வ நிறுவியிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. தாய் வீட்டிலேயே தீர்ந்துபோன பிரச்சினை இது. இன்னும் பழைய பதிப்பைச் சுமந்துகொண்டிருக்கும் கல்லூரி ஆய்வகங்களுக்கும் பள்ளிகளுக்கும் புதிய நிறுவிக் கோப்பை பென் டிரைவிலேயே கொடுத்தனுப்ப வேண்டும். நிறுவும்போதே நாடு இந்தியா என்று பதிந்துகொள்ளவும் செய்ய வேண்டும். 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும் பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அரசு அனுமதித்துவிட்டது. நாடு பதியப்படாத கருவி மட்டும் அந்த அலைவரிசைகளில் சிலவற்றை எட்டிப் பார்க்கத் தயங்கிக்கொண்டே இருக்கிறது.

பழைய மடிக்கணினிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்களில் பலரிடம் இருப்பவை அவைதான். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியது, இப்போது தங்கை கையில். பேட்டரி நிற்காது, கீல் தளர்ந்திருக்கும், ஆனால் ஓடும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றால் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளைத் தொடக்கூட முடியாது. ஆக, இவற்றுக்கு மிச்சமிருக்கும் நல்ல வழி லினக்ஸ் ஒன்றுதான். வழியில் குறுக்கே நிற்பது வைஃபை அட்டை. 2013 முதல் பல மலிவு மடிக்கணினிகளில் வந்த பிராட்காம் 43142 இதற்குப் பெயர் போனது. ஏதெரோஸ் தன் சிப்புகளுக்கான டிரைவரை 2008லேயே திறந்த உரிமத்தில் வெளியிட்டது. பிராட்காம் 2010இல் சில சிப்புகளுக்கு மட்டும் அப்படிச் செய்தது, அந்தப் பட்டியலில் 43142 இல்லை. நிறுவனத்தின் மூடிய டிரைவரைத்தான் போட வேண்டும். அது ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏற்பக் கருவியிலேயே புதிதாகத் தொகுக்கப்பட வேண்டும், அதற்கு அந்தந்தக் கெர்னலின் தலைப்புக் கோப்புகள் வேண்டும், தொகுப்பான் வேண்டும். இவை எல்லாவற்றையும் இறக்க இணையம் வேண்டும். ஒருமுறை சரிசெய்து விட்டாலும், அடுத்த மாதம் கெர்னல் தானாகப் புதுப்பிக்கப்பட்டுத் தொகுப்பு தவறினால் மறுபடியும் வைஃபை போய்விடும்.

இதற்காக நாங்கள் கேட்பது ஒரு பென் டிரைவ். தாம்பரம் மாநகராட்சி எல்லையில் உள்ள ஒவ்வொரு கிளை நூலகத்திலும், ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்திலும், இணையமே இல்லாமல் நிறுவக்கூடிய டிரைவர் தொகுப்பு ஒன்று இருக்க வேண்டும். அரசு கொடுத்த ஒவ்வொரு மாடலின் பெயரும், அதில் வந்த வைஃபை சிப்புகளும், அவற்றுக்கான டிரைவரும் தலைப்புக் கோப்புகளும் அதில் அடுக்கி வைக்கப்பட வேண்டும். எந்த ஆண்டு, எந்த மாடல், எந்தச் சிப் என்ற விவரம் கொள்முதல் செய்த எல்காட்டிடம்தான் இருக்கிறது. அதை வெளியிடுங்கள், தொகுப்பைத் தயாரிக்க எங்களில் பலர் ஒரு வார விடுமுறையைக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள்.

பென் டிரைவோடு தமிழில் ஒரு பக்கத் தாளும் வேண்டும். புதுப் பெட்டிக்குள்ளும் அது இருக்க வேண்டும், நூலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். என்ன எழுதுவது என்று குழு போட்டு ஆறு மாதம் ஆராய வேண்டாம், நாங்களே சொல்லிவிடுகிறோம். முதலில், விமானக் குறி போட்ட விசையை ஒருமுறை அழுத்திப் பார். பக்கவாட்டில் வைஃபை பொத்தான் இருந்தால் அதையும் பார். அடுத்து டெர்மினலைத் திறந்து 'ஆர்எஃப்கில்' கட்டளையால் வைஃபை அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார். மென்பொருள் அடைப்பு என்றால் அங்கேயே திறந்துவிடலாம், வன்பொருள் அடைப்பு என்றால் பொத்தானிலோ பயாஸிலோதான் திறக்க வேண்டும். அடைப்பு இல்லையென்றால் 'எல்எஸ்பிசிஐ -nn' கட்டளையைக் கொடு. டாங்கிள் என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'. சிப்பின் பெயரும் அடையாள எண்ணும் வரும். அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள். உதவி கேட்கும்போது "வைஃபை வரல" என்று சொல்வதைவிட அந்த எண்ணைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிறகு 'டிஎம்இஎஸ்ஜி' பதிவில் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா என்று தேடு. இருந்தால் எந்தக் கோப்பு இல்லையென்று அதுவே பெயரோடு சொல்லும். கடைசியாக, ஆனால் முதலில் தெரிந்திருக்க வேண்டியது: ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜர் கேபிளால் மடிக்கணினியில் சொருகி, அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கு. ஏறக்குறைய எந்த லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமலே இணையம் வந்துவிடும். அதைக்கொண்டு டிரைவரை இறக்கிக்கொள். இந்த ஒரு வரி தெரியாமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெரு வரை போய் வந்தவர்கள் எங்களிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த விநியோகத்தில் போகும் முதல் பெட்டிக்கு முன் இந்தத் தாள் அச்சாகிவிட வேண்டும். செலவு, ஒரு தாளின் அச்சுக் கூலி.

செக்யூர் பூட் பற்றிய கோரிக்கை சுருக்கமானது. அது இயங்கும் கருவியில், கையெழுத்திடப்படாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. வெளியிலிருந்து டிரைவர் போட்டவர் கணினியை மறுதொடக்கம் செய்யும்போது நீலத் திரை ஒன்று வந்து சாவியைச் சேர்க்கலாமா என்று கேட்கும். பயந்துபோய் எண்டர் தட்டிவிட்டால் அது கடந்து போய்விடும், வைஃபை வராது, ஏன் என்றும் தெரியாது. அரசு கருவிகளில் போகும் டிரைவர்கள் எல்லாவற்றையும் சி-டாக்கே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பயாஸில் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதாக இருந்தால் அந்தக் கடவுச்சொல் கருவிக்கு உரியவரிடம் இருக்க வேண்டும். கருவி மாணவருடையது.

உத்தரவாதம் பற்றி உடனே ஓர் உத்தரவு வேண்டும். "லினக்ஸ் போட்டுட்டீங்களா, அப்ப வாரண்டி போச்சு" என்ற பேச்சை சர்வீஸ் மேசைகளில் எங்களில் பலர் கேட்டிருக்கிறோம். கீல் உடைந்ததற்கும் இயங்குதளத்துக்கும் என்ன தொடர்பு? அரசே லினக்ஸைப் போட்டுக் கொடுத்த கருவிக்கு லினக்ஸையே காரணம் காட்டிச் சேவை மறுப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? எந்த இயங்குதளம் இருந்தாலும் வன்பொருள் உத்தரவாதம் செல்லும் என்பதை எல்காட் எழுத்தில் வெளியிட வேண்டும். மறுக்கும் மையம் மறுப்பை முத்திரையோடு எழுதித் தர வேண்டும். எழுதித் தரச் சொன்னாலே பாதி மறுப்புகள் மறைந்துவிடும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. வைஃபை அட்டை பழுதானால் மாற்றித் தருவதும் இந்த உத்தரவாதத்துக்குள் வர வேண்டும், அதுவும் லினக்ஸில் ஓடும் அட்டையாக. உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டே இருப்பதால் இது தாமதிக்க முடியாத கோரிக்கை. உத்தரவு ஓராண்டு கழித்து வந்தால் எங்களுக்கு அதனால் பயனில்லை.

கல்லூரி நிர்வாகங்களுக்கு: வளாக வைஃபையில் லினக்ஸ் கருவி இணைய என்னென்ன விவரம் வேண்டுமோ அவற்றை அறிவிப்புப் பலகையிலும் மாணவர் கையேட்டிலும் வெளியிடுங்கள். கிழக்குத் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜிஎஸ்டி சாலை நெடுகக் கல்லூரிகள்தான். பலவற்றில் மாணவர் தன் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் வகை வைஃபை இருக்கிறது. விண்டோஸும் கைப்பேசியும் பெரும்பாலானவற்றைத் தாமே ஊகித்துக்கொள்ளும். லினக்ஸ் கேள்வி கேட்கும். பாதுகாப்பு வகை எது, உள்ளடுக்குச் சரிபார்ப்பு எது, சான்றிதழ்க் கோப்பு எங்கே, சர்வரின் பெயர் என்ன? நான்கே நான்கு பதில்கள். இவற்றைச் சொல்லாமல் "லினக்ஸுக்கு சப்போர்ட் இல்லை" என்று அனுப்பிவிடுவதால், சான்றிதழைச் சரிபார்க்காமலே இணையும்படி மாணவர்கள் அமைத்துக்கொள்கிறார்கள். அதே பெயரில் யாராவது போலி வைஃபையை இயக்கினால் அவர்களின் கடவுச்சொல் அங்கே போய்ச் சேரும். ஆகவே இது பாதுகாப்புக் கோரிக்கையும்கூட. உள்நுழைய விண்டோஸ் நிரல் ஒன்றைப் போட்டே தீர வேண்டும் என்று வைத்திருக்கும் கல்லூரிகள், உலாவியிலேயே நுழையும் வழியைத் திறக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட வேண்டாம் என்றும் சொல்கிறோம். பிராட்காம் 43142 போன்ற பழைய அட்டைகளுக்கு அந்தப் பட்டை மட்டும்தான் தெரியும். அதை அணைத்தால், அரசு கொடுத்த பழைய மடிக்கணினியை வைத்திருக்கும் மாணவர் மட்டும் வகுப்பில் இணையம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார், அதுவும் வகுப்பிலேயே வசதி குறைந்தவர். பருவத் தேர்வுப் படிவமும் உள்மதிப்பீடும் இணையத்தில் நடக்கும் காலத்தில் அடுத்த பருவம் வரை இதற்குக் காத்திருக்க முடியாது.

தாம்பரம் மாநகராட்சிக்கு இரண்டு சொல்ல வேண்டும். 2023-24 மாநில நிதிநிலை அறிக்கை, முக்கியப் பொது இடங்களில் இலவச வைஃபை தரப்படும் என்று அறிவித்தபோது, முதல் கட்டமாகச் சொன்ன மாநகராட்சிகளில் சென்னை, ஆவடி, கோவை, மதுரை, திருச்சி, சேலத்தோடு தாம்பரமும் இருந்தது. தாம்பரத்தின் 70 வார்டுகளில் எந்தெந்த இடம், எந்தத் தேதி என்ற பட்டியலை மாமன்றக் கூட்டத்தில் வைத்து வெளியிட வேண்டும். தாம்பரம் ரயில் நிலையத்தின் இரு பக்க வெளிப்புறங்கள், கிளை நூலகங்கள், பேருந்து நிறுத்தங்கள், மாநகராட்சிப் பள்ளிகள் என்ற வரிசையில் தொடங்கலாம். அந்த வைஃபைக்குள் நுழைய எந்த உலாவியும் போதும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கைப்பேசிச் செயலி இருந்தால்தான் நுழையலாம் என்று வைத்தால் மடிக்கணினியோடு வரும் மாணவர் வாசலிலேயே நின்றுவிடுவார். ஒப்பந்தம் முடிந்த பிறகு மாற்றச் சொன்னால் கூடுதல் செலவு என்று பதில் வரும் என்பதால் இப்போதே சொல்கிறோம்.

மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று, மாதம் ஒரு ஞாயிறு ஓர் அறை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது; காஞ்சியிலும் ஒன்று உண்டு; கணியம் இதழ் 2012 முதல் தமிழில் எழுதிவருகிறது. சொல்லித்தர ஆளில்லை என்ற சாக்கு இந்த வட்டாரத்தில் செல்லாது. இல்லாதது, பத்து மேசையும் பிளக் பாயிண்டும் ஓர் இணைய இணைப்பும் உள்ள இடம். சமுதாயக் கூடமோ நூலக மாடியோ போதும். கட்டணம் வாங்காமல் நாங்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம். சாவியை யார் கொடுப்பார், யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் மாநகராட்சி எழுத்தில் சொல்லட்டும்.

கடைக்காரர்களிடம் கேட்பது பில்லில் ஒரு வரி. வைஃபை சிப்பின் பெயரையும், டாங்கிள் என்றால் அதன் பதிப்பு எண்ணையும் எழுதிக் கொடுங்கள். டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் டாங்கிளைப் பாருங்கள். முதல் பதிப்பில் ஏதெரோஸ் சிப். சொருகினால் லினக்ஸில் வேலை செய்யும். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். பழைய கெர்னல்களில் தகராறு. பெட்டி மேலே பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் ஒன்றுதான். பதிப்பு எண் சிறிய எழுத்தில் ஓரத்தில் இருக்கும். எழுபது வயதுப் பெரியவரோ பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையோ அதைத் தேடிப் படித்து வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. லினக்ஸில் ஓடவில்லை என்று ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் மாற்றிக் கொடுங்கள். இந்த வழக்கத்தை முதலில் தொடங்கும் கடையின் பெயரை எங்கள் வட்டாரம் முழுக்க நாங்களே சொல்வோம். அதற்கு விளம்பரச் செலவு வேண்டாம்.

காலக்கெடுவையும் நாங்களே வைக்கிறோம். காகிதமும் கையெழுத்தும் மட்டும் தேவைப்படுபவை, அதாவது உத்தரவாத உத்தரவு, பழைய மாடல்களின் சிப் பட்டியல், தமிழ்த் தாள், கல்லூரி வைஃபை விவரங்கள், ஞாயிற்றுக்கிழமை அறை ஆகிய ஐந்தும் முப்பது நாளில் முடிய வேண்டும். இவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை, அமைச்சரவை கூட வேண்டியதில்லை. பென் டிரைவ் தொகுப்பும் கையெழுத்திட்ட டிரைவர்களும் புதுக் கெர்னலோடு கூடிய பாஸ் நிறுவியும் அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூனுக்குள் வர வேண்டும். டெண்டர் மாற்றமும் ஏற்புச் சோதனையும் அடுத்த கொள்முதல் ஆணையிலேயே இடம்பெற வேண்டும். வாங்கி முடித்த தொகுதிகளுக்கு, தயாரிப்பாளரே டிரைவர் பொறுப்பை ஏற்கும் துணை ஒப்பந்தம் வேண்டும். மாநகராட்சியின் வைஃபைப் பட்டியல் அடுத்த மாமன்றக் கூட்டத்தில் வரட்டும்.

செய்ய முடியாதது இதில் எதுவும் இல்லை. எதையாவது செய்ய இயலாது என்று ஓர் அலுவலகம் கருதினால், எந்தக் கோரிக்கை, என்ன காரணம், யார் முடிவெடுத்தார் என்று கையெழுத்தோடு பதில் எழுதுங்கள். அதன் மேல் பேசலாம். மற்றவற்றுக்கு எங்களுக்கு வேண்டிய பதில் ஒரு தேதி. தாம்பரம் வட்டாரத்தில் லினக்ஸ் மடிக்கணினி வைத்திருப்பவர்களே, உங்கள் கருவியின் மாடல், வாங்கிய ஆண்டு, வைஃபை சிப்பின் அடையாள எண் மூன்றையும் இந்தச் சாசனத்தின் பிரதியில் எழுதிக் கையெழுத்திட்டு, உங்கள் மாமன்ற உறுப்பினரிடமும் கல்லூரி முதல்வரிடமும் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை மறக்காமல் வாங்கி வாருங்கள்.